பார் டேப்புக்கு அடியில் கியர் ஒயர்: முன்பக்கமா, பின்பக்கமா?

அலைமிதி | சனி, காலை 9:10

எல்லாருக்கும் வணக்கம். ஒரு மாசமா மண்டையைக் குடையுற பிரச்சினை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லணும்.

வண்டி ரோடு சைக்கிள், கியர் செட் ஷிமானோ கம்பெனியோட 105, 5700 வரிசை, 10 ஸ்பீடு. ஃப்ரேம் 48 சைஸ். பழைய ஹேண்டில்பார் 42 சென்டிமீட்டர், என் தோளுக்கு ரொம்ப அகலம். 38 வாங்கி ஒரு கடையில் கொடுத்து மாத்தினேன். புது பார், புது கேபிள், பாரைச் சுத்திப் போடுற புது டேப். வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து கியர் கனமாயிருக்கு. இடது லீவரை உள்ளே தள்ளிப் பெரிய ரிங்குக்கு ஏத்த, விரல் போதாம உள்ளங்கையால அழுத்த வேண்டியிருக்கு. பின்னாடி பெரிய பல்லுக்குப் போறப்ப ஒண்ணும் இல்லை. சின்னப் பல்லுக்கு இறங்கச் சொன்னாத்தான் வம்பு. "டிக்"னு சத்தம் வரும், செயின் அசையாது. இன்னொரு தடவை தட்டினா ரெண்டு பல்லும் சேர்ந்து இறங்கும். ஈசிஆரில் காற்றோட மல்லுக்கட்டிப் போறப்ப இப்படி ஆனா கால் தடுமாறுது.

கண்ணுக்குத் தெரியுறதைச் சொல்றேன். பிரேக் அவுட்டர் (ஒயரைப் போர்த்தியிருக்கிற வெளிக்குழாய்) பாருக்கு முன்னால போகுது, கியர் அவுட்டர் பின்னால போகுது. ஸ்டெம் (பாரை வண்டியோட சேர்க்கிற துண்டு) பக்கத்தில் பின்னாலிருந்து வெளிய வந்து, ஹெட்ட்யூபை (ஃப்ரேமோட முன் குழாய்) ஒட்டி "S" மாதிரி நெளிஞ்சு, அதே பக்கத்து டவுன்ட்யூப் (சாய்ஞ்சு கீழே இறங்குற குழாய்) ஸ்டாப்புக்குள்ள போகுது. அவுட்டர் முடியுற இடம்தான் ஸ்டாப். பாரை முழுசா இடது பக்கம் திருப்பினா வலது அவுட்டர் விறைச்சுக்குது.

கடையில் கேட்டேன். "புது கேபிள், பழகப் பழக இளகிடும்"னு சொன்னாங்க. நானூறு கிலோமீட்டர் ஓட்டிட்டேன், இளகலை. அடுத்த மாசம் ஏலகிரி போறோம். அதுக்குள்ள சரி பண்ணணும். கியர் ஒயரை முன்பக்கம் மாத்திப் பார்க்கலாமா?

சங்கிலி_எண்ணெய் | சனி, காலை 10:25

தங்கச்சி, டேப்பைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி குற்றவாளி எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்கணும். பத்துக்கு நாலு வண்டியில் பாரில் தப்பே இருக்காது. டெரெய்லருக்குள்ள (செயினைப் பல் மாத்துற கருவி) நுழையுற கடைசி அவுட்டர் வளையத்தைக் குட்டையா வெட்டியிருப்பாங்க. இல்லைன்னா பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் அச்சு இருக்கிற இடம்) அடியில் இருக்கிற பிளாஸ்டிக் வழிகாட்டியில் மண்ணும் பானம் சிந்தின பிசுக்கும் ஏறியிருக்கும்.

சோதனை ரொம்ப எளிது. பின் கியரை மிகச் சின்னப் பல்லில் வை. டெரெய்லரில் ஒயரைப் பிடிச்சிருக்கிற போல்ட்டைத் தளர்த்து. இப்ப ஒயர் எங்கேயும் கட்டுப்படாது. டவுன்ட்யூபில் வெளியே தெரியுற இன்னரை (உள்ளே ஓடுற ஒயர்) ரெண்டு விரலால் பிடிச்சு டெரெய்லர் பக்கம் தள்ளி, திரும்ப இழு. இது பின்பாதிக்கான சோதனை. அப்புறம் அந்த இன்னரைக் கையில் லேசா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, யாரையாவது ஷிஃப்டரை (கியர் லீவரை) மேலும் கீழும் தட்டச் சொல்லு. இறக்குறப்ப ஒயர் உன் கைப்பக்கம் டக்கு டக்குன்னு ஒரே அளவா நகரணும். தேங்கித் தேங்கி நகர்ந்தா முன்பாதியில் பிடிப்பு இருக்கு.

ஏன் இறக்குறப்ப மட்டும் வம்புன்னு யோசிச்சியா? பெரிய பல்லுக்கு ஏத்துறது உன் விரல். உராய்வு இருந்தாலும் விரல் ஜெயிச்சிடும். சின்னப் பல்லுக்கு இறக்குறது டெரெய்லரில் இருக்கிற சுருள்வில் மட்டும்தான். அதுக்கு உன் விரல் பலம் கிடையாது. உராய்வு கூடினா முதலில் தோக்குறது அதுதான்.

பழைய_இரும்பு | சனி, பகல் 12:40

என்னுடைய வண்டியில் கியர் ஒயர் டேப்புக்கு அடியில் போவதே இல்லை. கியர் ஷிமானோவின் அல்டெக்ரா 6600. லீவரின் பக்கவாட்டிலிருந்து வெளியே வந்து, ஒரே பெரிய வளைவாக ஃப்ரேமுக்கு இறங்கும். பார்ப்பதற்குத் துணி காயப்போடும் கொடிபோல இருக்கும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். ஆனால் விரல் நுனியால் தட்டினால் போதும், மாறிவிடும்.

வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1990-ல் ஷிமானோ, பிரேக்கும் கியரும் சேர்ந்த எஸ்டிஐ லீவரைக் கொண்டுவந்தபோது கியர் ஒயர் பக்கவாட்டில்தான் வந்தது. 1992-ல் காம்பக்னோலோ நிறுவனத்தின் எர்கோபவர் லீவர் வந்தது. அது பிரேக், கியர் இரண்டு ஒயரையும் டேப்புக்கு அடியில் அனுப்பியது. 2006-ல் ஸ்ராம் நிறுவனத்தின் ரோடு ஷிஃப்டர்களும் அதே வழியில் வந்தன. ஷிமானோ தன் டியூரா ஏஸ் 7900-ல்தான், அதாவது 2009 மாடலில், கியர் ஒயரை டேப்புக்கு அடியில் இறக்கியது. பிறகு 6700, உங்கள் 5700, 2015-ல் டியாக்ரா 4700, 2017-ல் கிளாரிஸ் R2000 என்று படிப்படியாகக் கிட்டத்தட்ட எல்லா வரிசைகளுக்கும் அது பரவியது. காற்றுக்குத் தடை குறைந்தது, அழகும் கூடியது. அதற்குக் கொடுத்த விலை, லீவருக்குள் ஒரு வளைவு, பாரின் வளைவில் ஒரு வளைவு. பக்கவாட்டு ஒயரில் இந்த இரண்டும் கிடையாது.

ஆகவே அம்மா, உங்கள் ஷிஃப்டரில் ஒயரின் பாதையை அமைப்பதற்கு என் காலத்து வண்டியைவிட அதிகக் கவனம் வேண்டும். ஏனோதானோவென்று விட்டால் வண்டி மன்னிக்காது.

இருநூறுகிமீ | சனி, பகல் 1:15

ஐயா சொல்வது சரி. ஆனால் அந்தக் கொடி ஒயருக்கும் ஒரு தொல்லை உண்டு. பிரெவே (கெடு நேரத்துக்குள் முடிக்கும் நெடுந்தூர ஓட்டம்) ஓட்டுகிறவர்கள் ஹேண்டில்பாரில் பை மாட்டினால் ஒயர் இரண்டும் பையின் மேல் இடிக்கும். V-பிரேக்கில் வரும் உலோக வளைகுழாயைப் போட்டு ஒயரைத் திருப்பி விட்டுப் பார்த்தேன். பை உட்கார்ந்தது, ஆனால் கியர் கனத்துவிட்டது. கடைசியில் டேப்புக்கு அடியில் போகும் வகைக்கே மாறிவிட்டேன்.

அலைமிதி | சனி, இரவு 8:50

அண்ணா, சோதனை பண்ணிட்டேன். அப்பாவை ஷிஃப்டர் பக்கம் நிறுத்தினேன். பின்பாதி வெண்ணெய் மாதிரி போகுது. முன்பாதியில்தான் பிடிப்பு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒயர் முதலில் கொஞ்சம் நகர்ந்து, நின்னு, அப்புறம் மிச்சம் நகருது.

பொறுக்க முடியாம வலது பக்க டேப்பைப் பிரிச்சிட்டேன். ரெண்டு விஷயம் கண்ணில் பட்டுது.

ஒண்ணு, அவுட்டரைப் பாரோட சேர்த்து ஒட்டியிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப் முழுக்க இளகி, பசை வழிஞ்சிருக்கு. அவுட்டர் இடம் நழுவி, லீவருக்குள்ள உட்கார வேண்டிய முனை ரெண்டு மில்லிமீட்டர் வெளிய வந்திருக்கு.

ரெண்டாவது, அவுட்டரைக் கழட்டி முனையைப் பார்த்தேன். நடுவில் இருக்கிற வெள்ளைக் குழாய் வட்டமாவே இல்லை. வேப்பங்கொட்டை மாதிரி நசுங்கி ஒடுங்கியிருக்கு. சுத்தி இருக்கிற மெல்லிய கம்பிகளில் ரெண்டு உள்பக்கமா மடிஞ்சு அந்தக் குழாயைக் குத்திக்கிட்டிருக்கு. இன்னர் ஒயரில் அதே இடத்தில் விரல்நீளத்துக்கு ஒரு பளபளப்பான கோடு. உரசின தடம்.

சங்கிலி_எண்ணெய் | சனி, இரவு 9:30

பாதிக் கதை அங்கேயே முடிஞ்சது. மழுங்கின கட்டிங் பிளேயரால் வெட்டினா இப்படித்தான் நசுங்கும்.

கியர் அவுட்டரும் பிரேக் அவுட்டரும் ஒண்ணு கிடையாது, இதை எல்லாரும் மனசில் வெச்சுக்கணும். பிரேக் அவுட்டர் 5 மில்லிமீட்டர், உள்ளே கம்பி சுருளாச் சுத்தியிருக்கும். கியர் அவுட்டர் 4 மில்லிமீட்டர், உள்ளே நிறைய மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் அடுக்கியிருக்கும். சுருள் கம்பி வளைக்க வளைக்க நீளம் மாறும், அதனால் கியர் ஒரு அளவில் நிக்காது. நீளவாக்குக் கம்பி நீளம் மாறாது, அதான் கியருக்கு. ஆனா அது வெட்டுறப்ப எளிதா மடங்கும், பிரியும்.

வெட்டுறதுக்கு முன்னாடி பழைய இன்னர் துண்டு ஒண்ணை அவுட்டருக்குள்ள விட்டு, அதையும் சேர்த்து கேபிள் கட்டரால் ஒரே அழுத்தா வெட்டு. உள்குழாய் நசுங்காது. முனையை அரத்தால் ராவிச் சமதளமாக்கு. குத்தூசியை உள்ளே விட்டு வெள்ளைக் குழாயை வட்டமாத் திற. முனைத் தொப்பியைப் போடு. வெளிச்சத்தில் வெச்சுப் பார்த்தா அந்தத் துளை முழு வட்டமாத் தெரியணும். இந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்யாம விட்ட வண்டிகள்தான் என்கிட்ட வர்ற கியர் புகாரில் பாதி.

இன்சுலேஷன் டேப்பை நம்பாதே. நம்ம ஊர் வெயிலில் வண்டியை ஒரு மணி நேரம் நிறுத்தினா பசை உருகிடும். மருந்துக்கடையில் கிடைக்குமே, துணி பிளாஸ்டர், அது போதும். வேர்வையிலும் நிக்கும்.

புதுச்செயின் | சனி, இரவு 9:48

ஒரு சின்ன சந்தேகம். வீட்டில் கியர் அவுட்டர் மிச்சம் இருக்கு. அதைப் பிரேக்குக்குப் போடலாமா?

சங்கிலி_எண்ணெய் | சனி, இரவு 9:52

போடவே கூடாது தம்பி. பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறப்ப வர்ற அழுத்தத்தை நீளவாக்குக் கம்பி தாங்காது. பிளாஸ்டிக் உறையைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வெடிக்கும். அப்ப பிரேக்கே இருக்காது. இறக்கத்தில் நடந்தா உயிர் போற விஷயம். அந்த மிச்சத்தை இன்னைக்கே தனியா எடுத்து வை.

கோணம்180 | ஞாயிறு, காலை 7:20

அக்கா கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை: முன்பக்கமா, பின்பக்கமா? நான் பொறியியல் படிக்கிறேன், கணக்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கிணற்று உருளைக்குப் பதிலாக ஒரு மரக்கட்டையில் கயிற்றைச் சுற்றி இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று கூடினால் கனம் கொஞ்சமாக ஏறாது, மடங்காகப் பெருகும். அவுட்டருக்குள் போகும் இன்னரும் அப்படித்தான். எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதன் மொத்தக் கூட்டல்தான் கணக்கு. இடது பக்கம் 60, திரும்ப வலது பக்கம் 60 என்றால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாது, 120 ஆகிவிடும். "S" நெளிவு அதனால்தான் மோசம்.

உராய்வுக் கெழு (எவ்வளவு உரசும் என்பதைச் சொல்லும் எண்) 0.1 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 270 டிகிரி திரும்பினால், அந்தப் பக்கம் 100 பங்கு இழுவை கிடைக்க இந்தப் பக்கம் 160 இழுக்க வேண்டும். 210 டிகிரியாகக் குறைத்தால் 144. இப்போது அக்காவின் நசுங்கிய குழாயைக் கணக்கில் சேருங்கள். கெழு 0.2 ஆகிவிட்டால் அதே 270 டிகிரிக்கு 257! அதாவது பாதையைத் திருத்துவதைவிட முனையைத் திருத்துவதுதான் பெரிய லாபம். அண்ணன் அதை முதலில் பார்க்கச் சொன்னது சரியான வரிசை.

இந்தக் கணக்கில் வளைவின் ஆரம் வராது, கோணம் மட்டும்தான் வரும். ஆனால் நிஜ ஒயருக்கு விறைப்பு உண்டு. ஆரம் ரொம்பச் சின்னதானால் இன்னர் குழாயின் சுவரை அழுத்தும், அவுட்டரும் நசுங்கும். ஆக, கோணமும் குறைய வேண்டும், வளைவும் அகலமாக இருக்க வேண்டும்.

சங்கிலி_எண்ணெய் | ஞாயிறு, காலை 8:05

தம்பி, நான் இருபது வருஷமா கையால உணர்ந்ததை நீ எண்ணில் போட்டுட்டே.

சரி, பாதைக்கு வருவோம். பின்பக்கம் வந்த அவுட்டர் ஸ்டெம் பக்கம் வெளிய வர்றப்ப ஹெட்ட்யூபுக்கு ரொம்பக் கிட்ட இருக்கும். அங்கிருந்து முன்னால போய், கீழே இறங்கி, மறுபடி பின்னால வரணும். நீளமான ஹெட்ட்யூப் இருந்தா இடம் கிடைக்கும். 48 சைஸில் ஒரு சாண் கூட இருக்காது. அதான் "S".

முன்பக்கம் விட்டா அவுட்டர் ஏற்கெனவே பாருக்கு முன்னால நிக்குது. அதை அதே பக்கத்து ஸ்டாப்புக்குக் கொண்டுபோகாதே. வலது ஷிஃப்டர் அவுட்டரை ஹெட்ட்யூபுக்கு முன்னால சுத்தி, டவுன்ட்யூபின் இடது ஸ்டாப்பில் குத்து. இடது ஷிஃப்டரோடது வலது ஸ்டாப்புக்கு. ரெண்டும் ஒரே திசையில் வளையுற பெரிய வளைவா ஆயிடும், நெளிவு போயிடும். டவுன்ட்யூபுக்கு அடியில் இன்னர் ரெண்டும் "X" மாதிரி ஒரு தடவை குறுக்கிட்டு, பாட்டம் பிராக்கெட்டில் தன்தன் இடத்துக்கு வந்து சேரும்.

தேரிக்காடு | ஞாயிறு, காலை 11:30

அண்ணாச்சி, ரெண்டு ஒயரும் உரசாதா? அறுத்துக்கிடாதா?

அப்புறம் முன்பக்கம் ரெண்டு அவுட்டரையும் வெச்சா பார் தடிச்சுப் போகும். நான் ஒரு தடவை அப்படி ஓட்டினேன், நூறு கிலோமீட்டரில் விரல் மரத்துப் போச்சு. ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால இருந்தாத்தான் பிடி முட்டை வடிவத்தில் கைக்கு அடங்கும். என் வண்டியில் கியர் பின்பக்கம்தான் போகுது, ஒரு குறையும் இல்லை. 56 சைஸ், ஸ்டாப்பும் டவுன்ட்யூபில் நல்லாக் கீழே இறங்கி இருக்கு.

சங்கிலி_எண்ணெய் | ஞாயிறு, பகல் 12:10

உரசும், ஆனா தொட்டும் தொடாமலும். குறுக்கிடுற இடத்தில் ரெண்டும் நேரா இழுபட்டு நிக்கும், ஒண்ணை ஒண்ணு அழுத்தாது. அப்படி ஓடுற வண்டிகளில் அங்கே ஒயர் அறுந்து நான் பார்த்ததில்லை. ஃப்ரேமில் இன்னர் தட்டிச் சத்தம் வந்தா ஒரு ரப்பர் வளையம் கோர்த்தா போதும். ஒயர் ஃப்ரேமுக்கு உள்ளே போற வண்டியில் மட்டும் பார்த்துச் செய்யணும். ஒரு தடவை குறுக்கிடலாம், முறுக்கிக்கிட்டா போச்சு.

உங்க வண்டிக்குப் பின்பக்கம் சரி, அதை மாத்தச் சொல்ல மாட்டேன். 56-ல் இடம் இருக்கு. கைக்கு எது சுகமோ அதுதான் முதல்ல. தங்கச்சி ஃப்ரேமில்தான் பின்பக்கம் எடுபடாது.

மஞ்சள்விளக்கு | ஞாயிறு, பிற்பகல் 3:45

பிரேக்கையும் சேர்த்துப் பாருங்க அக்கா. நம்ம ஊரில் மோட்டார் பைக் பழக்கத்தில் பல பேர் வலது லீவரை முன் பிரேக்குக்கு வெச்சுக்கிறோம். நானும் அப்படித்தான். ஆனா ரோடு சைக்கிளோட முன் பிரேக் காலிப்பரில் (சக்கரத்தைக் கவ்வுற பகுதி) ஒயர் நுழையுற இடம் ஓட்டுறவரோட வலது பக்கமே இருக்கு. இடது லீவரிலிருந்து வந்தா அது அகலமான வளைவு. வலது லீவரிலிருந்து வந்தா சட்டுனு மடங்கும். அதனால் வலது பக்க பிரேக் அவுட்டரைக் கொஞ்சம் நீளமா விட்டு வளைவைத் திறந்து வைக்கணும். கியர் அவுட்டரோட அது மோதுதான்னும் பார்த்துக்கோங்க.

தெம்பனீஸ்மிதி | ஞாயிறு, மாலை 6:20

சிங்கப்பூரிலிருந்து. இதையெல்லாம் படிக்கும்போது வெளியே ஒயர் இருக்கும் உங்கள் வண்டி மேல் எனக்கு ஆசையாக இருக்கிறது. என் புது வண்டியில் எல்லாமே பாருக்குள் நுழைந்து, ஸ்டெம் வழியாக, ஹெட்செட்டின் (பார் திரும்பும் இடம்) மேல் பேரிங்குக்கு நடுவில் ஃப்ரேமுக்குள் இறங்குகிறது. பார்க்க அவ்வளவு சுத்தம். ஆனால் இங்கே மழையிலும் வேர்வையிலும் அந்த மேல் பேரிங் துருப்பிடித்தது. பேரிங்கை மாற்ற பிரேக் எண்ணெய் போகும் ஹோஸைக் கழற்றி, மறுபடி எண்ணெய் நிரப்பிக் காற்றெடுக்க வேண்டியிருந்தது. ஸ்டெம்மைப் பத்து மில்லிமீட்டர் குறைக்க நினைத்தாலும் இதே கதைதான்.

இந்த அமைப்பு மின்சார கியருக்குப் பொருந்தும். ஸ்ராமின் ஈடாப் மின்சார கியர் 2015-ல் ஒயரே இல்லாமல் வந்தது. டியூரா ஏஸ் R9200 2021-ல் வந்தபோது ஷிஃப்டரிலிருந்து ஒயர் போக வேண்டிய தேவை அங்கேயும் இல்லாமல் போய்விட்டது. கேபிள் இழுக்கும் கியரை இந்தப் பாதையில் விட்டால் அத்தனை மடிப்பும் அதன் தலையில்தான். கேபிள் கியர் வாங்குகிறவர்கள், ஹேண்டில்பார் வரைக்குமாவது ஒயர் வெளியே தெரிகிற ஃப்ரேமாகப் பார்த்து வாங்குங்கள் என்று மனமாரச் சொல்வேன்.

இருநூறுகிமீ | ஞாயிறு, இரவு 9:05

டேப்பைப் பிரித்திருக்கும் நேரத்தில் இன்னர் ஒயரின் தலைப்பகுதியையும் பார்த்துவிடுங்கள், அலைமிதி.

டேப்புக்கு அடியில் போகும் வகை ஷிஃப்டர்களில் ஒயர் அறுவது வெளியில் தெரியும் இடத்தில் இல்லை. லீவருக்குள், குண்டுத் தலையிலிருந்து ஓரிரு அங்குலத்துக்குள் அறும். உள்ளே ஒரு சின்ன வளைவில் ஒவ்வொரு தட்டுக்கும் மடங்கி மடங்கி, இழை இழையாகப் போகும். வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: நேற்று வரை சரியாக இருந்த பின் கியர் தானாகக் கலையும். ஒயரை இறுக்கும் அட்ஜஸ்டரைத் திருகுவீர்கள், இரண்டு நாளில் மறுபடி கலையும். அப்போதே நிறுத்திவிட்டு ஒயரை வெளியே எடுத்துப் பாருங்கள்.

நான் பார்க்கவில்லை. 300 கிலோமீட்டர் பிரெவே, 20 மணி நேரம் கெடு. காலையிலிருந்து மூன்று தடவை அட்ஜஸ்டரைத் திருகியிருந்தேன். திண்டிவனம் தாண்டி, இரவில், ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் லீவர் சட்டென்று தொளதொளத்துவிட்டது. செயின் போய் மிகச் சின்னப் பல்லில் உட்கார்ந்துகொண்டது. மிச்சம் தொண்ணூறு கிலோமீட்டர். கூட வந்த அண்ணன் ஒருவர் டார்ச்சைப் பிடித்தார். டவுன்ட்யூபில் வெளியே தெரிந்த இன்னரை இழுத்தோம், செயின் நடுப்பல்லுக்கு ஏறியது. அப்படியே பிடித்துக்கொண்டு, தண்ணீர் பாட்டில் கூட்டின் போல்ட்டுக்கு அடியில் ஒயரைச் சுற்றி இறுக்கினோம். பின்னால் ஒரே பல், முன்னால் இரண்டு ரிங். மொத்தம் இரண்டு கியரில் வீடு வந்து சேர்ந்தேன், கெடுவுக்கு நாற்பது நிமிடம் மிச்சம்.

ஒயர் முழுவதும் போய்விட்டால் இன்னொரு வழி உண்டு. டெரெய்லரின் வெளிப்பக்க எல்லைத் திருகை உள்ளே திருகினால் செயின் ஒன்றிரண்டு பல் உள்ளே தள்ளி நிற்கும். 11 பல்லில் மிதிப்பதைவிட அது மேல்.

மறுநாள் லீவரைத் திறந்தபோது குண்டுத் தலை உள்ளேயே சிக்கியிருந்தது. ஷிஃப்டரைக் கடைசி வரை இறக்கித் தட்டினால்தான் தலையின் துளை வெளியே தெரியும். சிம்டாவால் எடுத்தேன். உடைந்த இழை ஒன்றுகூட உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், விழுந்தால் பல்லிடுக்கில் மாட்டி ஷிஃப்டரே போய்விடும். இப்போதெல்லாம் 4000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, நன்றாக இருந்தாலும், பின் கியர் இன்னரை மாற்றிவிடுகிறேன்.

அலைமிதி | செவ்வாய், இரவு 10:15

அந்த ராத்திரிக் கதையைப் படிச்ச உடனே ஒயரை வெளிய எடுத்துப் பார்த்தேன், தலைப்பக்கம் நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் உரசின கோடு விழுந்த ஒயரைத் திரும்பப் போட மனசு வரலை. புதுசா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 1.2 மில்லிமீட்டர் இன்னர் ரெண்டும், 4 மில்லிமீட்டர் அவுட்டரும் வாங்கிட்டேன்.

டேப் பிரிச்ச இடத்தில் இன்னொண்ணும் பார்த்தேன். பழைய பாரையும் எடுத்து டேப்பைக் கழட்டினேன், சும்மா ஒரு ஆர்வத்தில்தான். கை வைக்கிற இடத்தில் அலுமினியம் மேல வெள்ளையாப் பொடி பூத்து, சுரண்டினா சின்னச் சின்னக் குழி. வருஷக்கணக்கா வேர்வையும் கடல் காற்றும். அதை மறுபடி யாருக்கும் கொடுக்கப் போறதில்லை.

ஒரு கேள்வி மட்டும். அவுட்டர் நீளத்தை எப்படி முடிவு பண்றது? முன்னால விட்டு, குறுக்கா எடுத்துப் பிடிச்சுப் பார்த்தா பழைய நீளம் பத்தலை.

சங்கிலி_எண்ணெய் | செவ்வாய், இரவு 10:50

பத்தாது, பழசை அளவாவே வைக்காதே. முதல்ல லீவர் உயரம், பார் சாய்வு ரெண்டையும் உன் கைக்குப் பிடிச்ச மாதிரி இறுக்கி முடி. அப்புறம் லீவரை நகர்த்தினா எல்லாம் வீண்.

அவுட்டர் முனையைத் தொப்பியோட லீவருக்குள்ள நல்லா அழுத்தி உட்கார வை. பிளாஸ்டரால் மூணு இடத்தில் கட்டு: லீவருக்குப் பின்னாடி ரெண்டு விரல் தள்ளி, பாரின் வளைவில், ஸ்டெம்முக்கு நாலு விரல் முன்னாடி. லீவர் வாயிலேயே கட்டாதே, அங்கே அவுட்டர் தானா நேரா நிக்கணும். உன் பாரில் முன்பக்கம் இருக்கிற பள்ளத்தில் கியர் அவுட்டரைப் பதி, பிரேக் அவுட்டர் அதுக்கு நேர் கீழே பக்கத்தில் படுக்கட்டும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறக் கூடாது. தேரிக்காடு சொன்ன தடிப்பு பாதி குறையும்.

இப்ப மிச்ச நீளத்தை ஸ்டாப் வரை பிடிச்சுக்கிட்டுப் பாரை முழுசா ரெண்டு பக்கமும் திருப்பு. எந்தப் பக்கம் திருப்பினாலும் அவுட்டர் ஸ்டாப்புக்குள்ள நேரா நுழையணும், இழுபடக் கூடாது. அதுக்கு மேல ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டு. நீளம் அதிகமானாலும் கெடுதல்தான், வளையம் தொங்கிக் கோணம் கூடும். முதல் வெட்டு நீளமாவே இருக்கட்டும். வெட்டினதை ஒட்ட முடியாது.

டேப் சுத்துறதுக்கு முன்னாடி கியரைக் கட்டி, எல்லா கியரையும் ஐம்பது தடவை ஏத்தி இறக்கு. அவுட்டர் எல்லாம் தன் இடத்தில் உட்காரும், ஒயர் தளரும். திரும்ப இறுக்கிட்டு அப்புறம் டேப் சுத்து.

அலைமிதி | ஞாயிறு, பிற்பகல் 2:30

முடிச்சாச்சு. என் கையால, ரெண்டு சாயங்காலம் ஆச்சு.

முதல் நாள் அவுட்டரை வெட்டுறதிலேயே போயிடுச்சு. பழைய இன்னர் துண்டை உள்ளே விட்டு வெட்டினேன், அரத்தால் ராவினேன், குத்தூசியால் திறந்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்த்தேன். முழு வட்டம். நாலு முனையும் அப்படி வர்றதுக்கு ஒரு அடி அவுட்டர் வீணாச்சு. இடது பக்கத்தை முதல் தடவை குட்டையா வெட்டிட்டேன், பாரைத் திருப்பினப்ப விறைச்சது, அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வெட்டினேன்.

ரெண்டாம் நாள் முன்பக்கம் விட்டு, குறுக்கா எடுத்தேன். முன்னால நின்னு பார்த்தா ரெண்டு அவுட்டரும் ஹெட்ட்யூபுக்கு முன்னாடி ஒண்ணை ஒண்ணு கடந்து, கோலத்துப் புள்ளியைச் சுத்தின இழை மாதிரி வளைஞ்சு இறங்குது. "S" இல்லவே இல்லை.

இன்னைக்கு விடியக்காலை ஈசிஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்பினேன். பின் கியர் தட்டின உடனே இறங்குது, ஒரு தட்டுக்கு ஒரு பல். பெரிய ரிங்குக்கு நடுவிரலும் ஆள்காட்டி விரலும் போதும், கீழ்ப்பிடியில் இருந்தும் முடியுது. திரும்பி வர்றப்ப எதிர்காற்று. கோவளம் பாலத்து மேல நாலு தடவை மாத்தினேன், ஒரு தடவைகூடக் கால் தடுமாறலை. பார் கொஞ்சம் தடிச்சிருக்கிறது முதல் பத்து கிலோமீட்டருக்குத் தெரிஞ்சது, அப்புறம் கை பழகிடுச்சு.

அண்ணா, கோணம் தம்பி, ஐயா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

தேரிக்காடு | ஞாயிறு, பிற்பகல் 3:10

சந்தோஷம் அக்கா. விரல் மரத்துப் போகுதான்னு ஏலகிரியில் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. பதினாலு கொண்டை ஊசி வளைவு இருக்கு, அங்கே தெரிஞ்சிடும். நல்லா இருந்தா நானும் ஒரு தடவை முன்பக்கம் விட்டுப் பார்க்கேன்.

சங்கிலி_எண்ணெய் | ஞாயிறு, மாலை 5:00

போறதுக்கு முந்தின நாள் ஒயரை இன்னொரு தடவை இறுக்கிப் பாரு தங்கச்சி. புது ஒயர் முதல் இருநூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும், டவுன்ட்யூப் அட்ஜஸ்டரில் அரைச் சுத்து போதும். குறுக்கா எடுத்ததால் வலது ஷிஃப்டரோட அட்ஜஸ்டர் இப்ப இடது பக்கம் இருக்கு, மாத்தித் திருகிடாதே.